இண்டியானாபொலிஸில் ஓடிய ஆறு கார்கள்

மோட்டார்ப் பந்தய முடிவுகளைப் பதிந்து வைக்கும் ஏடுகளில் 2005ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாளுக்குரிய பக்கம் மிகச் சிறியது. அமெரிக்க நாட்டின் இண்டியானாபொலிஸ் நகரில் அன்று நடைபெற்ற ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடியவை ஆறு கார்கள். ஓடி முடித்தவையும் அதே ஆறுதான். முதலிரண்டு இடங்களையும் இத்தாலி நாட்டு ஃபெராரி அணியின் ஓட்டுநர் இருவரே எடுத்துக்கொண்டனர். மூன்றாம் இடம் போர்ச்சுகல் நாட்டு இளைஞர் ஒருவருக்குச் சென்றது. நான்காம் இடத்தில் இருந்த பெயர் நரேன் கார்த்திகேயன், ஊர் கோயம்புத்தூர். உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய இப்பந்தய வரிசையில் இந்தியர் ஒருவர் புள்ளி பெற்றது அதுவே முதல் முறை.

பள்ளுருத்தியில் எங்கள் வீதியில் வாழும் மலையாள நண்பர் ஒருவரிடம் ஒரு முறை இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆறு பேரில் நான்காவதா?" என்று கேட்டார். கால்பந்து ஒன்றையே விளையாட்டென ஏற்பவர் அவர். அது வேறு கதை. ஆனால் கேள்வி நியாயமானது. பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம், நம் ஊர்ப் பெயர் எங்கே அச்சில் வந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் இயல்பினர். ஆகவே நான்காம் இடம் என்பதை உச்சிமேல் வைத்துக் கொண்டாடி விடுவதும் எளிது. ஆறு பேரில்தானே என்று தள்ளிவிடுவதும் எளிது. அன்று நடந்ததை முழுமையாக அறிந்த பின்னரே இதற்கு விலை மதிக்க வேண்டும்.

முதலில் தமிழ்நாட்டுக்கும் இவ்விளையாட்டுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். அது நேற்று வந்த உறவன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அமைத்த விமான தளம் ஒன்று போர் முடிந்தபின் வெறுமையாகக் கிடந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தையே பந்தயக் களமாக்கிற்று. விமானத்துக்கென்று போட்ட நேர்ப்பாதையில் வைக்கோற் கட்டுகளையும் பீப்பாய்களையும் வைத்து வளைவுகளை அமைத்துக்கொண்டு கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சீமான் வீட்டுப் பிள்ளைகளும் சமஸ்தானத்து அரசர்களும் ஓட்டினர். பட்டறையில் தாமே கூட்டிப் பொருத்திய வண்டிகளோடு வந்த மெக்கானிக்குகளும் ஓட்டினர். சோழவரத்துக்குப் பின் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே கட்டிய பாதை 1990இல் திறக்கப்பட்டது.

கோயம்புத்தூரின் பங்கு தனியானது. ஆலைகளும் பம்பு செட்டுப் பட்டறைகளும் நிறைந்த அவ்வூரில் இரும்பை அறுத்து வடிவாக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன், மாருதிக் கார் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இந்நாட்டிலேயே செய்து காட்டினார். இறக்குமதிக் காருக்குக் காசு இல்லாத இளைஞரும் பந்தயம் பயில இதனால் வழி பிறந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் மாண்டார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தச் சூழலில் 1977ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பிறந்தவர் நரேன் கார்த்திகேயன். தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலிப் போட்டிகளில் பட்டம் வென்றவர். மகன் 1992இல் பிரான்ஸ் நாட்டின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் பயின்றார். திரும்பி வந்து மாருதிக் கார்ப் பந்தயங்களில் ஓடினார். பின்னர் இங்கிலாந்து சென்றார். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் கழிந்த பிறகே ஃபார்முலா ஒன் கதவு திறந்தது. இவ்விளையாட்டில் திறமை மட்டும் போதாது. செலவை ஏற்கும் நிறுவனமும் வேண்டும். டாட்டா நிறுவனத்தின் ஆதரவோடு 2005ஆம் ஆண்டு ஜோர்டான் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. மார்ச் மாதம் மெல்பர்னில் நடந்த முதல் பந்தயத்தில் பதினைந்தாவதாக வந்தார்.

ஜோர்டான் அக்காலத்தில் தேய்ந்துகொண்டிருந்த அணி. அதன் கார்கள் முன்வரிசைக் கார்களைவிட ஒவ்வொரு சுற்றிலும் பல விநாடிகள் பின்தங்கின. அந்த அணிக்கும் அதனினும் சிறிய மினார்டிக்கும், செல்வமும் புகழும் மிக்க ஃபெராரிக்கும் பொதுவான செய்தி ஒன்றே ஒன்றுதான். மூன்றும் ஜப்பானிய பிரிட்ஜ்ஸ்டோன் டயர்களில் ஓடின. மற்ற ஏழு அணிகளும் பிரான்ஸ் நாட்டு மிஷலின் டயர்களைப் பூட்டியிருந்தன. இந்தச் சிறு வேறுபாடே ஜூன் 19ஆம் நாளின் கதை முழுவதையும் தீர்மானித்தது.

இண்டியானாபொலிஸ் பந்தயக் களம் 1909இல் அமைந்தது. நீள்வட்டப் பாதையில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடும் புகழ்பெற்ற ஐந்நூறு மைல் பந்தயம் 1911 முதல் அங்கே நடந்து வருகிறது. ஃபார்முலா ஒன் கார்களுக்கு அந்தப் பாதை முழுவதும் பயன்படவில்லை. வட்டத்தின் உட்புறத்தில் வளைந்து நெளியும் புதுப் பாதை ஒன்றைப் போட்டு, அதைப் பழைய வட்டத்தின் ஒரு பகுதியோடு இணைத்து, எதிர்த் திசையில் ஓடவிட்டனர். அவ்வாறு ஓடும்போது பதின்மூன்றாவது வளைவு பழைய வட்டத்தின் சாய்தளத்தில் அமைந்தது. வெளிவிளிம்பு உயர்ந்து உள்விளிம்பு தாழ்ந்த வளைவு அது. மிதிகட்டையை விடாமல், மணிக்கு முந்நூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் கார்கள் அதைக் கடக்கும்.

தோப்பும்படிப் பாலத்தை அடுத்த திருப்பத்தில் பஸ் வேகமாகத் திரும்பும்போது நின்றிருப்போர் அனைவரும் ஒரு பக்கமாகச் சாய்வதை நாம் கண்டிருக்கிறோம். அந்தச் சாய்வின் பாரம் முழுவதும் வெளிப்பக்கச் சக்கரங்களில் இறங்குகிறது. பதின்மூன்றாம் வளைவு வலப்புறம் திரும்புவது. ஆகவே பாரம் இடப்புறச் சக்கரங்களில் இறங்கும். அதன்மேல், காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை வேறு. சாய்தளம் தரும் அழுத்தம் வேறு. இவை யாவும் சேர்ந்து டயரின் பக்கச் சுவரைப் பிசைந்தன.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் டொயோட்டா அணியின் ரால்ஃப் ஷூமாக்கர், இடப்புறப் பின்டயர் பழுதாகி அவ்வளைவின் சுவரில் மோதினார். முந்தைய ஆண்டுப் பந்தயத்திலும் அவர் அதே வளைவில் மோதி முதுகில் காயமுற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. மிஷலின் பொறியாளர்கள் தம் டயர்களை அறுத்தும் ஆராய்ந்தும் பார்த்துவிட்டு, பதின்மூன்றாம் வளைவில் வேகத்தைக் குறைக்காவிடில் பத்துச் சுற்றுகளுக்குமேல் இந்த டயர்களுக்குத் தாங்கள் பொறுப்பேற்க முடியாது என்று எழுதிக் கொடுத்தனர். பந்தயமோ எழுபத்து மூன்று சுற்றுகள்.

பத்துச் சுற்றுக்கு ஒரு முறை டயரை மாற்றிக்கொண்டால் என்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். அங்கேதான் விதி குறுக்கே நின்றது. 2005ஆம் ஆண்டுக்கு மட்டும் வகுக்கப்பட்ட சட்டப்படி, தகுதிச் சுற்றிலும் பந்தயத்திலும் ஒரே தொகுதி டயர்களைத்தான் பயன்படுத்த வேண்டும். பழுதானாலன்றி மாற்றக் கூடாது. செலவைக் குறைக்கவும் வேகத்தை அடக்கவும் செய்த ஏற்பாடு அது. பிரிட்ஜ்ஸ்டோன் அந்த ஆண்டு முழுவதும் இவ்விதியால் அவதிப்பட்டது; முந்தைய ஆண்டில் பதினெட்டுப் பந்தயங்களில் பதினைந்தை வென்ற ஃபெராரி, இந்த ஆண்டு ஜூன் வரையில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. ஆனால் பிரிட்ஜ்ஸ்டோனின் கிளையான ஃபயர்ஸ்டோன், அதே களத்தின் ஐந்நூறு மைல் பந்தயத்துக்கு டயர் கொடுத்து வந்தது. அண்மையில் புதுப்பிக்கப்பட்டிருந்த அந்தத் தளத்தின் சொரசொரப்பை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர்.

சனி இரவும் ஞாயிறு காலையும் பேச்சிலே கழிந்தன. வளைவுக்கு முன்னே தடைத் திருப்பம் ஒன்றை வைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்றது மிஷலின் தரப்பு. பத்து அணிகளில் ஒன்பது அணிகள் அதற்கு இசைந்தன. ஃபெராரி இசையவில்லை, அது சம்மேளனத்தின் பொறுப்பு என்று ஒதுங்கிக்கொண்டது. சர்வதேசச் சம்மேளனத் தலைவர் மாக்ஸ் மோஸ்லி மறுத்தார். சரியான டயரைக் கொண்டு வந்தவரைத் தண்டித்து, கொண்டு வராதவருக்காகக் களத்தை மாற்றுவது முறையன்று என்பது அவர் வாதம். மிஷலின் அணிகள் அவ்வளைவில் மெதுவாகச் செல்லட்டும், அல்லது அடிக்கடி டயரை மாற்றித் தண்டனையை ஏற்கட்டும் என்றார். ஒரே வளைவில் சில கார்கள் முந்நூறு கிலோமீட்டர் வேகத்திலும் சில கார்கள் அதைவிட மிகக் குறைந்த வேகத்திலும் செல்வதில் உள்ள ஆபத்தை அணித் தலைவர்கள் எடுத்துரைத்தனர்.

விதியின் எழுத்தைப் பார்த்தால் மோஸ்லி கூறியதில் பிழையில்லை. ஆனால் பந்தயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. ஓட்டப் போட்டியும் பந்தயம். ஒருவரோடு ஒருவர் கட்டிக்கொள்ளும் பணயமும் பந்தயம். பணயம் கட்ட இருவர் கை சேர வேண்டும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல்லே அன்றைய நிலையை நன்கு விளக்குவதாகத் தோன்றுகிறது. அன்று கை சேரவில்லை.

ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடியிருந்தனர். நம் நாட்டில் அப்போது ஞாயிறு இரவு. இருபது கார்களும் வழக்கம்போல் முன்னோட்டச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்றின் முடிவில், மிஷலின் டயர் பூட்டிய பதினான்கு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டிலுக்குள் திரும்பிவிட்டன. முதலிடத்தில் நிற்க வேண்டிய யார்னோ ட்ருல்லியின் இடம் வெறுமை. இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களும் வெறுமை. ஐந்தாம் இடத்தில் மைக்கேல் ஷூமாக்கர். ஏழாம் இடத்தில் அவர் அணித் தோழர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ. பிறகு நெடுந்தொலைவு வெற்றுத் தார்ப்பாதை. கடைக்கோடியில் ஜோர்டான், மினார்டிக் கார்கள் நான்கு. விளக்கு அணைந்தது, ஆறு கார்களும் பாய்ந்தன.

அதன்பின் நடந்ததை ஃபெராரியின் உள்வீட்டு விவகாரம் என்றே சொல்லலாம். அவ்விருவரை எட்டிப் பிடிக்கக் களத்தில் எவரும் இல்லை. ஒருவருக்கு மற்றவரே போட்டி. எண்ணெய் நிரப்ப ஒருவர் கொட்டிலுக்குள் சென்றபோது மற்றவர் முன்னிலை வகித்தார். ஐம்பத்தோராவது சுற்றில் ஷூமாக்கர் கொட்டிலிலிருந்து வெளியே வந்த வேளையில் பாரிக்கெல்லோ நேர்ப்பாதையில் விரைந்து வந்தார். முதல் வளைவில் இருவரும் தோளோடு தோள் உரசும் நிலை. பாரிக்கெல்லோ புல்தரைக்கு ஒதுங்கினார். ஷூமாக்கர் முன்னே சென்றார். அன்றைய பந்தயத்தில் பந்தயம் என்று சொல்லத் தக்கது அந்தச் சில விநாடிகளே. பிறகு இருவரும் இடம் மாறாமல் ஓடி, ஒன்றரை விநாடி இடைவெளியில் எல்லைக் கோட்டைக் கடந்தனர்.

இவ்விருவரின் கதையை முன்பே அறிந்தவர்களுக்கு அந்த ஒதுங்கல் புதிதன்று. 2002ஆம் ஆண்டு மே மாதம் ஆஸ்திரியாவில் தொடக்கம் முதல் முன்னிலையில் இருந்த பாரிக்கெல்லோ, அணியின் கட்டளைப்படி கடைசி நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்து ஷூமாக்கருக்கு வழிவிட்டார். மக்கள் கூச்சலிட்டனர். ஷூமாக்கர் நாணிப்போய், பரிசு மேடையின் உச்சிப் படியில் தோழரை ஏற்றி நிறுத்தினார். மேடை முறையை மீறியதற்காகப் பத்து லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், இதே இண்டியானாபொலிஸில், ஷூமாக்கர் எல்லைக் கோட்டருகே வேகத்தைத் தளர்த்த, பாரிக்கெல்லோ ஒரு விநாடியில் ஆயிரத்தில் பதினொரு பங்கு முந்தி வென்றார். அந்த ஆண்டு முடிந்ததும் அணிக் கட்டளைகளைச் சம்மேளனம் தடை செய்தது. 2011இல் அத்தடையும் நீங்கியது. ஓர் அணி, இரு ஓட்டுநர் என்ற ஏற்பாடு இருக்கும் வரையில் இச்சிக்கல் தீராது. அணிக்குப் புள்ளி வேண்டும். ஓட்டுநருக்கோ தம் பெயர் வேண்டும். ஒரே மாதிரிக் கார் இருவருக்கும் இருப்பதால், உலகில் ஒருவருடைய திறமையை அளக்கத் தக்க ஒரே அளவுகோல் அவருடைய தோழர்தான்.

இந்த அளவுகோலை நம் ஊர்க்காரருக்கும் பொருத்திப் பார்ப்பதே நேர்மை. ஜோர்டான் அணியில் அவருடைய தோழர் டியாகோ மான்டெய்ரோ. தகுதிச் சுற்றில் மான்டெய்ரோ பதினேழாவது, நரேன் பத்தொன்பதாவது. பந்தயத்திலும் அவரே முந்தி, ஃபெராரிகளுக்கு ஒரு சுற்றுப் பின்தங்கி மூன்றாவதாக முடித்தார். நரேனும் அதே சுற்றில் முடித்தார். மினார்டிக் கார்கள் இரண்டும் இரு சுற்றுகள் பின்தங்கின. ஆகவே அன்று நரேன் தோற்றது தம் தோழரிடம் மட்டுமே. ஃபெராரியை அந்தக் காரில் எவராலும் நெருங்கியிருக்க முடியாது. தோழரையும் வென்றிருந்தால் பரிசு மேடையில் இந்தியர் ஒருவர் ஏறியிருப்பார். அதை எண்ணும்போது எனக்கு இன்றும் சற்று வருத்தமே.

மேடையோ அன்று விழாக்கோலம் பூணவில்லை. பார்வையாளர் போத்தல்களையும் தகரக் குவளைகளையும் பாதையில் வீசியிருந்தனர். பணத்தைத் திருப்பித் தரும்படி முழங்கினர். பலர் பாதியிலேயே எழுந்து சென்றுவிட்டனர். ஷூமாக்கரும் பாரிக்கெல்லோவும் வாடிய முகத்தோடு கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கினர். மான்டெய்ரோ மட்டும் மேடையில் தனியே நின்று மகிழ்ந்து கொண்டாடினார். அதைச் சிலர் நகைத்தனர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. ஃபார்முலா ஒன் மேடையேறிய முதல் போர்ச்சுகீசியர் அவர். ஜோர்டான் அணி மேடையேறியதும் அதுவே கடைசி.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஆலப்புழை வள்ளங்களியை அவருக்கு நினைவூட்டினேன். நேரு கோப்பையின் இறுதிப் போட்டியில் ஓடுவன நான்கு சுண்டன் வள்ளங்களே. அதில் நான்காவதாக வந்த வள்ளத்தை, நான்கில் நான்காவது என்று குட்டநாட்டார் எவரும் இகழ்வதில்லை. மற்ற வள்ளங்கள் முன்னோட்டங்களில் தோற்று வெளியேறியவை என்பது அவர்களுக்குத் தெரியும். நண்பர் உடனே மடக்கினார்: "அங்கே தோற்று வெளியேறினார்கள், இங்கே தாமாக வெளியேறினார்கள்." அவர் கூறியது சரி. பதினான்கு கார்களை நரேன் வெல்லவில்லை. இதை மறைத்துவிட்டு, உலகின் நான்காவது வீரர் என்றெல்லாம் அக்காலத்தில் சிலர் பேசியது மிகை.

ஆனால் மற்றொன்றும் உண்மை. மினார்டி அதிபர் பால் ஸ்டாடர்ட், தடைத் திருப்பக் கோரிக்கையை ஆதரித்தவர். ஜோர்டான் களம் இறங்க முடிவு செய்ததனாலேயே தாமும் இறங்க நேர்ந்தது என்று பின்னர் கூறினார். சிறிய அணிக்கு ஒரு புள்ளியும் பெரும்பணம். ஓட்டுநர் அணியின் ஊழியர். ஓடு என்றால் ஓடுவது அவர் கடமை. ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் ஓடி, வண்டியை உடைக்காமல், முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைச் சலிப்பின்றி முடிப்பதும் ஒரு தொழில்திறமே. அன்று நான்காம் இடத்துக்குரிய ஐந்து புள்ளிகள் அவர் கணக்கில் ஏறின. அந்த ஆண்டு முழுவதும் அவர் பெற்ற புள்ளிகளும் அவ்வளவே. ஷூமாக்கருக்கோ அது எண்பத்து நான்காவது வெற்றி. அந்த ஆண்டில் அவர் கண்ட ஒரே வெற்றி. அதையும் எவரும் ஏட்டிலிருந்து அடிக்கவில்லை.

பின்விளைவுகள் பலவாயின. மிஷலின் நிறுவனம் சீட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கென இருபதாயிரம் சீட்டுகளை வாங்கி மக்களுக்கு வழங்கவும் முன்வந்தது. டயர் மாற்றத் தடை 2006இல் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் மிஷலின் ஃபார்முலா ஒன்றிலிருந்து விலகியது. 2007க்குப் பின் அப்பந்தயம் இண்டியானாபொலிஸுக்குத் திரும்பவில்லை.

ஜோர்டான் அணி கைமாறிக் கைமாறி, 2008இல் ஃபோர்ஸ் இந்தியா என்ற பெயரில் ஓடியது. அதை வாங்கியவர்களில் ஒருவரான விஜய் மல்லையா, 1980களில் சோழவரத்து ஓடுதளத்தில் பழைய ஃபார்முலா ஒன் கார் ஒன்றை ஓட்டியவர். 2010இல், சென்னை மோட்டார் கிளப்பை நிறுவியவர்களுள் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரர் கருண் சந்தோக், ஃபார்முலா ஒன் ஓட்டிய இரண்டாவது இந்தியரானார். அதே ஆண்டு நரேனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியக் கிராண்ட் பிரிக்ஸ் நடந்தது. ரெட் புல் அணியின் செபாஸ்டியன் வெட்டல் முதற் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை முன்னிலையை எவருக்கும் விடாமல் வென்றார். ஸ்பெயின் நாட்டின் சிறிய அணி ஒன்றின் காரில், கார்கள் நிறைந்த களத்தில், நரேன் கார்த்திகேயன் பதினேழாவதாக முடித்தார்.